முகம் தெரியாதவர்களின் டப்பா

அத்தியாயம் 17

போன வாரம் ஹாஜி துஹாமியை 'அத்தாரின்' என்னும் மசாலாச் சந்தைக்குத் தலைவராக, அமீன் பதவியில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். மசாலாக் கடைக்காரர்கள் அறுபது பேர் கூடி, ஃபாத்திஹா ஓதி, "நமக்குள்ள வழக்குத் தீர்க்க, கலப்படம் பண்றவனைத் தண்டிக்க, இவரைவிட யோக்கியன் யாரு இருக்கா?" என்று கேட்டுக் கை தூக்கினார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒருவரைப் பற்றி ஒருவர் அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

கை தூக்காதவர் ஒரே ஒருவர்தான். பக்கத்துக் கடை ஜீலாலி. துஹாமியின் மகன் மக்கிக்குத் தன் ஒரே மகள் நுஸ்ஹாவைக் கொடுத்திருக்கும் சம்பந்தி. கேட்டபோது தோள் வலி என்றார்.

இன்று சனிக்கிழமை. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு புது அமீன் வீட்டில் தேநீர் விருந்து. நகரத்துச் சந்தைகளுக்கெல்லாம் மேலதிகாரியான முஹ்தசிப் நேரில் வந்து நியமனப் பத்திரத்தில் முத்திரை குத்தப்போகிறார்.

அதுவரை யோக்கியனாக நடிக்க வேண்டும். துஹாமிக்கு அது பெரிய வேலையில்லை. முப்பது வருடமாகச் செய்துவருவதுதான்.

காலை ஒன்பது மணிக்குக் கடைக்கு ஒரு பெண் வந்தாள். ஒட்டுப்போட்ட ஜெல்லாபா அங்கி, மலைநாட்டுச் செருப்பு, கையில் ஓலைக்கூடை. "சுக்கு இருக்கா, ஹாஜி?" என்றாள்.

துஹாமி எழுந்தே நின்றுவிட்டார். தெருமுனையில் கழுதையோடு போகிறவனுக்கும் கேட்கும் குரலில் ஆரம்பித்தார்.

"இருக்கு மகளே, நிறைய இருக்கு. ஆனா நான் இன்னிக்கு முதல் வியாபாரம் பார்த்துட்டேன், அல்ஹம்துலில்லாஹ். பக்கத்துக் கடை ஜீலாலி இன்னும் போணி பண்ணல. அவரும் பிள்ளைகுட்டிக்காரர் இல்லையா? அங்க போய் வாங்கிக்க."

நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. தனக்குப் போணியாகிவிட்டால் அடுத்து வருகிறவரைப் போணியாகாத பக்கத்துக்காரனிடம் அனுப்புவது இந்தச் சந்தையின் பழைய மரியாதை. ஆனால் துஹாமி சுக்கு, சீரகம் கேட்டு வருகிறவர்களைத்தான் அனுப்புவார். குங்குமப்பூ கேட்டு வந்தவரை ஒருநாளும் அனுப்பியதில்லை. அவர்களுக்கு முக்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்.

எதிர்க்கடையில் இரண்டு பேர் தலையை ஆட்டி ஆட்டி வியந்தார்கள். "மனுஷன்னா இவருதான்!"

அந்தப் பெண் ஜீலாலியிடம் சுக்கு வாங்கினாள். பிறகு, "குங்குமப்பூவும் வேணும். கொஞ்சம் நிறையவே" என்றாள்.

ஜீலாலியிடம் குங்குமப்பூ தீர்ந்து ஒரு வாரமாகியிருந்தது. இல்லை என்று வாடிக்கையாளரை அனுப்புவதும் இந்தச் சந்தையில் வழக்கமில்லை. அவர் கடைக்கு வெளியே எட்டிக் கையை நீட்டினார்.

"மக்கி, மாப்பிள்ளே, பத்து கிராம் குங்குமப்பூ குடு. சாயங்காலம் பார்த்துக்கலாம்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். துஹாமியின் கடையில் குங்குமப்பூவுக்கு இரண்டு டப்பா. பச்சை டப்பாவில் இருப்பது குங்குமப்பூ விளையும் தலியூயின் ஊரிலிருந்து வரும் அசல் பூ. முகம் தெரிந்தவர்களுக்கு அது. சிவப்பு டப்பாவில் இருப்பது சோளக்கதிரின் முடி. காயவைத்து, சாயம் ஏற்றி, மணத்துக்கு மேலே நாலு இழை அசல் பூவைப் போட்டு வைப்பது. முகம் தெரியாதவர்களுக்கு அது.

இருபத்தொன்பது வயதாகியும் மக்கி அப்பாவின் தொழிலில் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

அவன் எட்டிப் பார்த்தான். ஒட்டுப்போட்ட துணி, மலைநாட்டுச் செருப்பு. கை தானாகச் சிவப்பு டப்பாவுக்குப் போனது. காகிதத்தில் மடித்து, நூல் சுற்றி, மாமனாரிடம் கொடுத்தான்.

ஜீலாலி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து வந்த பொட்டலத்தை வாடிக்கையாளர் முன்னால் பிரித்துப் பார்ப்பது பக்கத்துக்காரனை முகத்துக்கு நேராகத் திருடன் என்று சொல்வது மாதிரி. அப்படியே எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். முப்பது வருடம் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தும், சம்பந்தி விஷயத்தில் இந்த மனுஷனுக்கு மரியாதைதான் முன்னால் நின்றது. எனக்கு அவர் மேல் இரக்கம்கூட வரவில்லை, கோபம்தான் வருகிறது.

பதினோரு மணிக்கு அதே பெண் திரும்பி வந்தாள். கூடை இல்லை. ஒரு மண்சட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாரும் பாருங்க! கோழி சமைச்சேனா, சுவத்துக்குச் சாந்து குழைச்சேனா? மஞ்சளா வரவேண்டிய குழம்பு செங்கல் நிறத்துல நிக்குது! பேர் வைக்கிற விருந்து, நூறு பேர் சாப்பிட உட்கார்ந்திருக்காங்க!"

"எந்த வீட்டு விருந்தும்மா?" என்றார் துஹாமி, இன்னும் அமீன் குரலிலேயே.

"முஹ்தசிப் ஐயாவோட தங்கச்சி வீட்டு விருந்து! நான் அங்க பதினெட்டு வருஷமா சமையல்காரி!"

துஹாமியின் கையிலிருந்த ஜெபமாலை நின்றுவிட்டது. மகனைக் காதைப் பிடிக்காத குறையாகக் கடையின் உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"எந்த டப்பாடா?"

"சிவப்பு, வாப்பா."

"சிவப்பா? அவ யாருன்னு தெரியுமா?"

"மலைக்காரி மாதிரி இருந்தா..."

"முகத்தைப் பாருன்னு சொன்னேனா, செருப்பைப் பாருன்னு சொன்னேனா? கழுதை! டப்பாவை ஜெல்லாபாவுக்குள்ள ஒளிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. யாராவது கேட்டா நீ எதுவும் குடுக்கல. விளங்குதா? எதுவும் குடுக்கல."

வெளியே வந்தபோது அவர் முகம் பழையபடி பளிச்சென்று இருந்தது. "மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் விசாரணை. என் சம்பந்தி ஆனாலும் சரி, என் சொந்தத் தம்பி ஆனாலும் சரி" என்று அறிவித்தார்.

எதிர்க்கடைக்காரர்கள் மறுபடியும் தலையை ஆட்டினார்கள்.

வீட்டில் நுஸ்ஹா மாலை விருந்துக்காகக் கண்ணாடித் தம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் பூனை மாதிரி உள்ளே நுழைந்து மாவுப் பெட்டியைத் திறந்து, மாவுக்குள் எதையோ புதைத்ததைப் பார்த்தாள்.

"என்னது அது?"

"ஒண்ணுமில்ல."

அவள் கையை மாவுக்குள் விட்டு டப்பாவை வெளியே எடுத்தாள். மூன்று வருடமாக இந்த வீட்டு மருமகள். அந்த நிறம் என்ன என்று அவளுக்குத் தெரியும். மக்கி தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். ஒன்று சொல்ல வேண்டும், பொண்டாட்டியிடம் மட்டும் அவனுக்கு உண்மை வரும்.

"எங்க வாப்பாவுக்கு இதுல என்ன ஆகும், தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

தெரியும். சந்தையில் கடைகள் எல்லாம் வக்ஃபுக்குச் சொந்தம். கடைக்காரனுடையது சாவி மட்டும்தான். கலப்படம் விற்றான் என்று அமீன் தீர்ப்புச் சொன்னால் சாவி போய்விடும். ஜீலாலிக்கு அறுபத்தாறு வயது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த ஆறடிக் கடையைத் தவிர அவருக்கு உட்கார இடம் கிடையாது.

"நீங்க ஒருத்தர் சொன்னா போதும். நான்தான் குடுத்தேன்னு ஒரு வார்த்தை" என்றாள் நுஸ்ஹா.

"சொல்றேன்."

"எங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"சொல்றேன் நுஸ்ஹா. சத்தியமா."

அவள் நம்பினாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். நீங்களும் நானும் பதினாறு வாரமாக இவனைப் பார்க்கிறோம், அவள் அவனோடு வாழ்கிறாள்.

விசாரணை சந்தையை ஒட்டிய பழைய சத்திரத்தின் முற்றத்தில் நடந்தது. கூட்டம் நெருக்கியது. வாசலோரம் பெண்களோடு நுஸ்ஹாவும் நின்றாள். முஹ்தசிப் ஃபாதில் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். பாதி மூடிய கண்கள். விழித்திருக்கிறாரா தூங்குகிறாரா என்று யாருக்கும் தெரியாது.

நடுவில் புது அமீன். முன்னால் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர். சமையல்காரி கொண்டுவந்த மீதிப் பொட்டலத்திலிருந்து ஓர் இழையை எடுத்துத் தண்ணீரில் போட்டார். போட்ட கணமே தண்ணீர் சிவந்தது. இழை வெளுத்துப்போய் அடியில் கிடந்தது. பிறகு இன்னொரு தம்ளரில் தன் பையிலிருந்து அசல் பூவின் இழை ஒன்றைப் போட்டார். வெகுநேரம் கழித்து மெதுவாக மஞ்சள் இறங்கியது. இழை சிவப்பாகவே நின்றது.

"அசலுக்கும் போலிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், சகோதரர்களே" என்றார் துஹாமி. அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

"ஜீலாலி, இது உன் கடையில இருந்து போச்சா?"

"என் கடையில இருந்துதான் போச்சு. ஆனா என் சரக்கு இல்ல. உன் கடையில வாங்கிக் குடுத்தேன், துஹாமி."

கூட்டத்தில் சலசலப்பு. முஹ்தசிப்பின் ஒரு கண் கொஞ்சம் திறந்தது. "அமீன் பேரே வழக்குல வருதே. இவரே தீர்ப்புச் சொல்றது சரியா இருக்குமா?"

"என் கடைன்னு ஒருத்தர் நிரூபிக்கட்டும் ஐயா, முதல் பூட்டு என் கதவுக்குத்தான்!" துஹாமி மார்பில் கை வைத்தார். "யார் கையில வாங்கினாங்களோ அவன் பொறுப்பு. அவன் வேற ஒருத்தன்கிட்ட வாங்கினான்னு சாட்சி வந்தா பொறுப்பு அங்க போகும். இதுதானே சட்டம்? புகார் சொன்ன சமையல்காரியே சாட்சி ஆக முடியாது. வேற சாட்சி இருக்கா?"

"நான் சொல்றேன்!" வாசலிலிருந்து நுஸ்ஹா கத்தினாள். "அந்த டப்பா எங்க வீட்டுல—"

"மகளே." துஹாமி குரலில் தேன் ஒழுகியது. "பெத்தவனுக்காக மகள் சொல்ற சாட்சி செல்லாது. உன் பாசம் எனக்குப் புரியுது. வேற யாராவது?"

ஜீலாலி மருமகனைப் பார்த்தார். நுஸ்ஹா புருஷனைப் பார்த்தாள். அறுபது கடைக்காரர்களும் மக்கியைப் பார்த்தார்கள்.

"மக்கி," என்றார் அப்பா, "நீ காலையில இவருக்குப் பொட்டலம் குடுத்தியா?"

மக்கி தன் செருப்பின் நுனியைப் பார்த்தான். "காலையில நிறையப் பேர் வந்தாங்க. எனக்கு... ஞாபகம் இல்ல."

ஞாபகம் இல்லையாம்! நாலு வருடத்துக்கு முன் யார் எவ்வளவு உப்பு கடன் வாங்கினார்கள் என்பதைக்கூட மறக்காத வம்சம்!

துஹாமி தீர்ப்புச் சொன்னார். கடைக்கு இன்றே முத்திரை. திங்கட்கிழமை முஹ்தசிப் அலுவலகத்தில் சாவியை ஒப்படைக்க வேண்டும். சொல்லும்போது அழுதார். உண்மையான கண்ணீர், கன்னத்தில் ஓடியது. "சட்டத்துக்குச் சம்பந்தி கிடையாது" என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் இன்னும் நாலு பேர் மூக்கைச் சிந்தினார்கள். சாவி ஏலத்துக்கு வந்தால் பக்கத்துக் கடைக்காரனுக்குத்தான் முதல் உரிமை என்பதை அந்த நேரத்தில் யாரும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. எல்லோரும் கடைக்காரர்கள்.

ஜீலாலி தன் கடைக்குப் போனார். வாசலுக்குக் குறுக்கே கோலை வைத்தார். கடைக்காரர் வெளியே போயிருக்கிறார், திரும்பி வருவார் என்பதற்கு வைக்கும் கோல். அதன்மேல் சேவகன் அரக்கு முத்திரையைப் பதித்தான்.

"வாப்பா, எங்கூட வாங்க" என்றாள் நுஸ்ஹா.

"எந்த வீட்டுக்கு? அவன் வீட்டுக்கா?" ஜீலாலி கைகளை உதறிக்கொண்டார். "நீ போம்மா. பொட்டலத்தைப் பிரிச்சுப் பாக்காத முட்டாள் நான்தானே."

அவள் தனியாகத் திரும்பினாள்.

சமையலறையில் மக்கி காத்திருந்தான். "நான் என்ன பண்றது நுஸ்ஹா? வாப்பா முகத்தைப் பாத்ததும் நாக்கு எழும்பல."

அவள் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு விதத்துல நல்லதுதான்னு வை. அந்தச் சாவியை எடுத்து என் பேர்லயே குடுக்கறேன்னு வாப்பா சொல்லிட்டார். உங்க வாப்பாவை அங்கயே ஒரு ஓரமா உட்கார வெச்சுக்கலாம். சம்பளம்கூடக் குடுக்கலாம்."

நுஸ்ஹா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு, "போய் விருந்தாளிகளை உட்கார வைங்க. தம்ளர் தட்டு தயாரானதும் கூப்பிடறேன்" என்றாள்.

தேநீருக்கு முன்னால் குங்குமப்பூ நீர் என்று துஹாமி விருந்தில் ஒரு பகட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு தம்ளரிலும் குங்குமப்பூ இழைகளைப் போட்டுத் தயாராக வைத்திருக்க வேண்டும். அவரே தன் கையால் எல்லோருக்கும் கொதிநீர் ஊற்றுவார். அமீன் வீட்டுத் தாராளத்தை ஊர் பார்க்க வேண்டும் அல்லவா?

இருபத்திரண்டு தம்ளர். பத்தொன்பது பெரிய கடைக்காரர்கள், முஹ்தசிப், அப்பா, மகன்.

நுஸ்ஹா அலமாரியில் இருந்த பச்சை டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு, மாவு தட்டிய சிவப்பு டப்பாவைத் திறந்தாள். தம்ளருக்கு இரண்டு இழையாகப் போட ஆரம்பித்தாள்.

பின்னால் காலடிச் சத்தம். மாமியார் லல்லா பத்தூல். சிவப்பு டப்பாவைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். துஹாமியோடு முப்பத்தைந்து வருடம் குடித்தனம் பண்ணியவள். இன்றைய விசாரணையில் என்ன நடந்தது என்று கேட்கவேயில்லை.

"ரெண்டு இழை போதாது," என்றாள் மாமியார். "நாலு போடு."

சொல்லிவிட்டு நெய் ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மக்கி தரையைப் பார்த்தபடியே வந்து, தரையைப் பார்த்தபடியே தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனான். நுஸ்ஹா மாடிக்கு ஓடி, முற்றத்தைப் பார்த்திருக்கும் மரச்சட்டத்துக்குப் பின்னால் நின்றாள்.

துஹாமி கெண்டியை உயரத் தூக்கிக் கொதிநீரை ஊற்றிக்கொண்டே வந்தார். இரண்டாவது தம்ளருக்கு வந்தபோதுதான் கீழே பார்த்தார். முதல் தம்ளர் அதற்குள் சிவந்துவிட்டது. இனி நிறுத்த முடியாது. ஊற்றினார். ஊற்ற ஊற்றத் தட்டு முழுவதும் சிவப்பு பரவியது. இருபத்திரண்டு தம்ளரிலும் இழைகள் வெளுத்துப்போய் அடியில் படுத்தன.

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சாதாரண ஜனங்கள் இல்லை. குங்குமப்பூவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊரும் வருடமும் சொல்லக்கூடியவர்கள். மத்தியானம்தான் இதே நிறத்துக்காக ஒருவனுடைய கடையை இழுத்துப் பூட்டியவர்கள்.

துஹாமியின் நெற்றியில் வேர்வை.

அவர்களில் மூத்தவரான ஹாஜி அல்லால் தம்ளரை எடுத்தார். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். குடித்தார்.

"மாஷா அல்லாஹ்! என்ன நிறம்! அமீன் வீட்டுப் பூ அமீன் வீட்டுப் பூதான்!"

"மணத்தைப் பாருங்க, ஹாஜி!" என்றார் அடுத்தவர், சாயத் தண்ணீரை முகர்ந்து.

"இந்த மாதிரிச் சரக்கு இப்ப எங்க கிடைக்குது!"

பத்தொன்பது பேரும் குடித்தார்கள். சிலர் இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். ஒவ்வொருவர் கடையிலும் ஒரு சிவப்பு டப்பா இருக்கும்போது யார் வாயைத் திறப்பார்கள்? துஹாமியின் வேர்வை காய்ந்தது. அவரும் தம்ளரை எடுத்து, பெருமையாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். தூ!

நுஸ்ஹா அவர்களைப் பார்க்கவில்லை. ஒருவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மக்கியின் கையில் தம்ளர் இருந்தது. அவன் சிவப்பைப் பார்த்தான். புரிந்துவிட்டது. தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தான், மரச்சட்டத்துக்குப் பின்னால் இருந்த அவள் கண்களைச் சரியாகக் கண்டுபிடித்தான். ஒரு வார்த்தை சொல்ல இன்னும் நேரம் இருந்தது. பத்தடி தூரத்தில் முஹ்தசிப்.

மக்கி குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லா இருக்கு, வாப்பா" என்றான்.

பத்திரத்தில் முத்திரை வைக்க வேண்டிய நேரத்தில் முஹ்தசிப் ஈரக் கைக்குட்டை ஒன்றை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அதே பையைத் தடவிப் பார்த்து, முத்திரையை அலுவலகத்திலேயே மறந்துவிட்டதாகச் சொன்னார். "திங்கட்கிழமைதான் ஜீலாலி சாவியோட வரப்போறாரே. நீங்களும் வந்துடுங்க, அமீன். ரெண்டையும் ஒண்ணா முடிச்சுடலாம்." அந்தி மஃரிப் பாங்கு கேட்டதும் முதல் ஆளாக எழுந்து போனார்.

விருந்தாளிகள் போனபின் நுஸ்ஹா முற்றத்துக்கு இறங்கித் தம்ளர்களைப் பொறுக்கினாள். மக்கி பின்னாலேயே வந்தான்.

"நுஸ்ஹா, என்கிட்டப் பேச மாட்டியா?"

"நீங்க யாரு?"

"என்ன பேச்சு இது?"

"உங்க முகம் எனக்குத் தெரியல. இனிமே உங்களுக்கும் சிவப்பு டப்பாதான்."

அவள் அடுத்த விரிப்புக்கு நகர்ந்தாள்.

இருபத்தொரு தம்ளர் காலி. அடியில் வெளுத்த சோளமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. முஹ்தசிப் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒன்று மட்டும் குடிக்காமல் நிரம்பியிருந்தது. நுஸ்ஹா அதைக் கையில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

சிவப்புத் தண்ணீர் இருந்தது. இழைகள் நான்கையும் காணவில்லை.